ஓடித் தேய்ந்த டயரும் நின்று கெட்ட டயரும்

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து கார் டயர் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: என் செடான் காருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் 185/65 ஆர்15 அளவில் நான்கு ஆல் சீசன் டயர் போட்டேன். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் சொல்லி வாங்கியது. 42,000 கி.மீ. ஓடிவிட்டது. புதிதில் 8 மி.மீ. உயரம் இருந்த பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டை, இப்போது 3.5 மி.மீ. வெயில் காலத்தில் பிடிப்பில் குறையில்லை. ஆனால் ஆறு மாதமாக 60க்கு மேல் போனால் 'ஊ' என்று ஓர் இரைச்சல். இன்னும் எவ்வளவு ஓட்டலாம்? அடுத்த முறையும் இதையே வாங்கலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: கணக்கை முதலில் போட்டுவிடுவோம். 42,000 கி.மீ.க்கு 4.5 மி.மீ. தேய்ந்திருக்கிறது. அதாவது 1 மி.மீ.க்கு சுமார் 9,300 கி.மீ. இது நல்ல உழைப்பு. பட்டன்களுக்கு இடையே உள்ள காடியின் அடியில் குறுக்கே ஒரு ரப்பர் மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. அந்த அளவுக்கு இறங்க உங்கள் டயருக்கு இன்னும் 1.9 மி.மீ. உண்டு. கணக்குப்படி 17,000 கி.மீ.க்கு மேல் வரும்.

ஆனால் அதுவரை ஓட்டுங்கள் என்று சொல்ல மாட்டோம். காடியின் வேலை தண்ணீரை வாங்கி வெளியே தள்ளுவது. 3 மி.மீ.க்குக் கீழே போனால் காய்ந்த ரோட்டில் வித்தியாசம் தெரியாது, நனைந்த ரோட்டில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் மறுகால் பாய்ந்து ரோட்டின் மேல் விரலளவு தண்ணீர் நிற்கிற இடத்தில் 80 கி.மீ. வேகத்தில் இறங்கினால், தண்ணீரை வெளியேற்ற முடியாமல் டயர் அதன் மேலேயே மிதக்கும். அந்த நொடியில் ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும், பிரேக்கும் பயன்படாது. ஆகவே உங்கள் டயருக்கு எங்கள் கணக்கு இது: இன்னும் 4,500 கி.மீ. ஓட்டினால் 3 மி.மீ.க்கு வந்துவிடும். அதற்குள் அடைமழை தொடங்குமானால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். மழை முடிந்த தை மாதம் என்றால் அடுத்த புரட்டாசி வரை நிதானமாக ஓட்டலாம், 1.6ஐ நெருங்காதவரை.

அளக்கும்போது ஓரிடத்தில் மட்டும் அளக்காதீர்கள். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று குறுக்கே மூன்று காடி. அதே மூன்றையும் டயரைச் சுற்றி மூன்று இடத்தில். கிடைக்கும் ஒன்பது அளவுகளில் மிகக் குறைவானதுதான் உங்கள் டயரின் அளவு. சராசரி இங்கே உதவாது.

இரைச்சலுக்கு வருவோம். ஆல் சீசன் டயரின் பட்டன்களைக் கிட்டத்தில் பாருங்கள். ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். பனியைக் கவ்விப் பிடிக்க வைத்த வெட்டுகள் அவை. சூடான தார் ரோட்டில் இந்த வெட்டுகளால் பட்டன் கூடுதலாக நெளிகிறது. நெளிந்து நெளிந்து பட்டனின் ஒரு முனை உயரமாகவும் மறுமுனை தாழ்வாகவும் ரம்பப் பல் போலத் தேயும். உள்ளங்கையைப் பட்டன்கள் மேல் வைத்து, டயர் உருளும் திசையில் ஒருமுறையும் எதிர்த்திசையில் ஒருமுறையும் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழவென்று போய், மறுபக்கம் கையில் உரசினால் இரைச்சல் அங்கிருந்துதான். டயர்களை 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றியிருந்தால் இது இவ்வளவு வந்திருக்காது. இப்போது மாற்றினாலும் சில ஆயிரம் கி.மீ.யில் ஓரளவு அடங்கும், முழுதாகப் போகாது. கையில் எதுவும் உரசாவிட்டால் டயரை விட்டுவிட்டு வீல் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான் போடும்.

இதையே மறுபடி வாங்கலாமா என்பதற்குப் பெயரின் பொருள் தெரிய வேண்டும். குளிர் நாடுகளில் கோடைக்கு ஒரு டயர், பனிக்கு ஒரு டயர் என்று இரண்டு செட் வைத்திருப்பார்கள். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். இரண்டுக்கும் நடுவே, மாற்றாமல் ஆண்டு முழுவதும் ஓட்டுவதற்கு வந்தது ஆல் சீசன். நம் ஊரில் மார்கழி விடியற்காலையே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 38ஐத் தாண்டும், தார் ரோடு அதைவிட இன்னும் அதிகமாகக் காயும். நமக்குள்ள சீசன் இரண்டுதான், வெயிலும் மழையும். இரண்டையும் இங்கே விற்கிற சாதாரண டயரே தாங்கும்.

பக்கச் சுவரில் எம்+எஸ் என்று மட்டும் இருந்தால் அது பட்டன் அமைப்பைக் குறிப்பது, அதில் பெரிய கெடுதல் இல்லை. மூன்று முகட்டு மலையும் அதற்குள் பனிப்பூவும் வரைந்திருந்தால் அது பனியில் சோதித்துத் தேறிய டயர். குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்த ரப்பர் அது, நம் வெயிலில் வேகமாகத் தேயும். கொடைக்கானல் போவோம், ஊட்டி போவோம் என்று அதைத் தேட வேண்டாம். அங்கே உறைபனி புல்வெளியில் படியுமே தவிர, ரோட்டை மூடிக்கொள்கிற பனி கிடையாது.

அடுத்து வாங்கும்போது பக்கச் சுவரில் மூன்று குறிப்புகளைத் தேடுங்கள். டிரெட்வேர் எண் 300க்கு மேல், டிராக்‌ஷன் ஏ, டெம்பரேச்சர் ஏ. இரண்டாவது நனைந்த ரோட்டில் பிடிப்பைச் சொல்வது. மூன்றாவதுதான் நமக்கு உயிர்நாடி, அது வெப்பத்தைத் தாங்கும் திறனைச் சொல்வது. டிரெட்வேர் எண் என்பது டெக்சாஸில் சான் ஆஞ்சலோ ஊரைச் சுற்றிய சாலையில் 7,200 மைல் ஓட்டி, 100 என்று வைத்த ஒப்பு டயரோடு தேய்மானத்தை ஒப்பிட்டுத் தருவது. எண்ணைக் குறிப்பவர் தயாரிப்பாளரே என்பதால் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட அது உதவும், இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அவ்வளவாக உதவாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டயரை, விலை எவ்வளவு குறைந்தாலும், தொடவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் அப்பச்சி வாங்கிய கார் ஊர் வீட்டில் நிற்கிறது. நாங்கள் மலேசியாவில் இருக்கிறோம். படைப்பு, கோயில் திருவிழா, கல்யாணம் என்று ஆண்டுக்கு இரண்டு முறை வந்தால்தான் அதை எடுப்போம். ஏழு ஆண்டில் 9,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, பட்டன் புதுசு போல இருக்கிறது. ஆனால் டயர் கடையில் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். வியாபாரத்துக்காகச் சொல்கிறார்களா?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: கடைக்காரர் சொன்னது சரி. பட்டன் இருப்பதை வைத்து டயர் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதுதான் செட்டிநாட்டில் நாங்கள் அதிகம் பார்க்கிற தவறு. இங்கே ஓடித் தேய்கிற டயரைவிட நின்றே கெடுகிற டயர் அதிகம்.

காரணம் இது. ரப்பரை வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அரிக்கும். அதைத் தடுக்க ரப்பருக்குள் ஒருவகை மெழுகும் காப்பு மருந்தும் கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்து மெல்லிய படலமாகப் படியும். ஓடும் டயர் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. நிற்கும் டயருக்கு அந்தப் பூச்சு வந்து சேர்வதில்லை, அதனால் வெடிப்பு விழுகிறது.

முதலில் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அந்த இலக்கம் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். வெளிப்பக்கம் காணோம் என்றால் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டுக் குனிந்து உள்பக்கம் பாருங்கள். பிறகு வெடிப்பு. பட்டன் காடியின் அடியிலும், ரிம்மை ஒட்டிய பக்கச் சுவரிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை போன்ற கீறல்கள் மேலோடு நின்றால் எச்சரிக்கை. நகம் நுழைகிற அளவுக்கு இருந்தாலோ, உள்ளே நூல் தெரிந்தாலோ அந்த டயரில் கடைத்தெரு வரைகூடப் போகக் கூடாது. ஐந்து ஆண்டு முடிந்த டயரை ஆண்டுக்கொரு முறை கழற்றி உள்பக்கமும் பார்க்க வேண்டும் என்பதும், பத்து ஆண்டைத் தாண்டிய டயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழிக்க வேண்டும் என்பதும் பொது விதி. நம் வெயிலுக்கும், வருடம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிற காருக்கும் நாங்கள் சொல்வது ஆறு ஆண்டு. உங்களுடையது ஏழு.

புது டயர் போட்ட பிறகு, ஊருக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியது: காரைக் கழுவி, டயரில் ஒட்டிய செம்மண்ணைப் போக்கிக் காயவிடுங்கள். டயர் பாலிஷ் வேண்டாம். டீசல், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைக்கவே கூடாது, ரப்பர் ஊதிப்போகும். காற்றை 40 பி.எஸ்.ஐ. வரை ஏற்றுங்கள். பக்கச் சுவரில் அச்சடித்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஷெட்டுக்குள் வெயில் சாய்ந்து விழும் பக்கத்தில் தார்ப்பாய் தொங்கவிடுங்கள். அதே ஷெட்டில் வெல்டிங் வேலையோ பேட்டரி சார்ஜ் போடுவதோ வேண்டாம், ஓசோன் அங்கேயும் உண்டாகும். ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் பல மாதத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

காரின் எடை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் அழுத்தினால் டயரின் அடி தட்டையாகும். சில வாரத் தட்டை என்றால் 15, 20 கி.மீ. ஓடிச் சூடேறியதும் சரியாகிவிடும். பல மாதத் தட்டை போகவே போகாது, 'தடக் தடக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கார் ஓட்டத் தெரியுமானால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிவரச் சொல்லுங்கள், இதைவிட நல்ல மருந்து இல்லை. தெரியாதென்றால் ஜாக்கி வைக்கும் நான்கு இடத்திலும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து டயரைத் தரையிலிருந்து இரண்டு விரல் தூக்கி நிறுத்துங்கள். செங்கல்லை அடுக்கி அதன் மேல் காரைத் தூக்கி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. செங்கல் திடீரென்று நொறுங்கும், அடியில் ஆள் இருந்தால் உயிர் போகும்.

கேள்வி: ஒரு டயரில் மட்டும் வாரத்துக்கு 5, 6 பி.எஸ்.ஐ. இறங்குகிறது. பஞ்சர் கடையில் இரண்டு முறை பார்த்தும் 'ஒன்றுமில்லை' என்று காற்று மட்டும் அடித்து அனுப்புகிறார்கள். எங்கே போகிறது இந்தக் காற்று?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: உங்கள் பக்கத்துச் சாலை ஓரங்களில் வளர்ந்து கிடக்கும் சீமைக் கருவேலத்தைத்தான் முதலில் சந்தேகப்படுகிறோம். ஆணி ஏறினால் தலை வெளியே தெரியும். கருவேல முள் ஏறினால் வெளிப்பகுதி ரோட்டில் தேய்ந்து ஒடிந்து போய், நுனி மட்டும் ரப்பருக்குள் புதைந்திருக்கும். கார் நிற்கும்போது அந்த முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், ஓடும்போது ரப்பர் விரிந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விடும். அதனால்தான் கடையில் அவசரமாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் அகப்படுவதில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். சக்கரத்தைக் கழற்றி 40 பி.எஸ்.ஐ. வரை காற்று ஏற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பிரஷ்ஷால் தடவுங்கள். முதலில் வால்வு வாய்: மூடியைக் கழற்றிவிட்டு ஒரு சொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் வால்வுப் பின் தளர்ந்திருக்கிறது, முறுக்கினால் போதும், இல்லையென்றால் பின்னை மாற்றுங்கள். அடுத்து வால்வின் அடித்தண்டு. அதை விரலால் லேசாக வளைத்தபடி பாருங்கள். வெயிலில் காய்ந்த ரப்பர் வால்வு நேராக நிற்கும்போது கசியாது, வளைத்தால்தான் வெடிப்பு வாயைத் திறக்கும். அடுத்து டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு, இரு பக்கமும். கடைசியாகப் பட்டன் முழுதும். ஓரிடத்தில் தடவிவிட்டு இரண்டு நிமிடமாவது பொறுங்கள். முள் ஓட்டையின் குமிழ் பொங்கி வராது, கடுகு கடுகாகச் சேர்ந்து வெள்ளை நுரையாக நிற்கும்.

ரிம் விளிம்பில் கசிந்தால் அங்கே துரு ஏறியிருக்கும். டயரைக் கழற்றி, விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பீடு சீலர் என்னும் கசிவு அடைக்கும் பசையைத் தடவித் திரும்ப ஏற்ற வேண்டும். பட்டனில் என்றால் முள்ளை முழுதாகப் பிடுங்கியாக வேண்டும். நுனியை உள்ளே விட்டு மேலே அடைத்தால் அது உள்ளடுக்கைக் குத்திக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து திணிக்கிற கயிறு அவசரத்துக்குச் சரி. நிலையான வேலை, டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டும் காளான் பேட்ச்தான். கழற்றினால் உள்பக்கம் முழுதையும் கையால் தடவி வேறு முள் இருக்கிறதா என்றும் பார்க்கலாம், பெரும்பாலும் இருக்கும். ஓட்டை 6 மி.மீ.க்கு மேலிருந்தாலோ, பக்கச் சுவரிலோ, அதுவும் பட்டனும் சேரும் தோள்பட்டையிலோ இருந்தாலோ எந்தப் பேட்ச்சும் கூடாது. ஓடும்போது நெளிகிற இடம் அது, பேட்ச் நிற்காது.

கேள்வி: கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் 33 பி.எஸ்.ஐ. என்று இருக்கிறது. வெயில் காலத்தில் டயர் வெடிக்காமல் இருக்க 28தான் வைக்க வேண்டும் என்று எங்கள் டிரைவர் சொல்கிறார். சரியா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: தவறு, அதுவும் ஆபத்தான தவறு. வெயிலில் வெடிக்கும் டயர்களில் பெரும்பாலானவை காற்று குறைந்தவை. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் மடங்கும். மடங்குவதுதான் சூடு. சூடு ஏற ஏற ரப்பரும் உள்ளே இருக்கும் நூலும் பிரியும், அப்புறம் வெடிக்கும்.

காலையில் 28 டிகிரியில் 33 வைத்துவிட்டு மதுரைக்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலூர் தாண்டும்போது டயருக்குள் காற்று 58 டிகிரிக்கு ஏறியிருந்தால் கேஜ் 38 காட்டும். 5 பி.எஸ்.ஐ. கூடிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். காரை வடிவமைத்தவர் இந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் 33 என்று எழுதியிருக்கிறார். அங்கே வழியில் இறக்கி 33 வைத்தீர்களானால் மறுநாள் காலை அதே டயரில் 29கூட இருக்காது. ஆக, அளப்பது எப்போதும் குளிர்ந்த டயரில். கார் மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், ஓடியிருந்தால் இரண்டு கி.மீ.க்குள். வீட்டில் ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை, பல் துலக்குகிற நேரத்திலேயே, நான்கையும் பார்த்துவிடலாம். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிட்டால், குளிர்ந்திருந்தபோது எவ்வளவு குறைந்ததோ அவ்வளவை மட்டும் கூட்டச் சொல்லுங்கள்.

குடும்பத்தோடு சாமான் ஏற்றிப் போகும்போது பின் டயருக்கு எவ்வளவு என்று அதே ஸ்டிக்கரில் தனியாக இருக்கும். ஐந்து பேரும் பலகாரத் தூக்குகளுமாகக் கல்யாணத்துக்குப் போகிற நாளில் அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் நல்லதா?
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரமில்லாத நைட்ரஜனில் அழுத்தம் கொஞ்சம் சீராக நிற்கும், ரிம் உள்ளே துருப்பிடிப்பது குறையும். அவ்வளவே. அதைத் தேடி 20 கி.மீ. போய்க்கொண்டு, நடுவில் காற்று குறைந்தும் நிரப்பாமல் ஓட்டினால் இருக்கிற நன்மையும் போய்விடும். நைட்ரஜன் டயரில் சாதாரணக் காற்றைச் சேர்க்கலாம், ஒன்றும் ஆகாது.

கேள்வி: வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறோம். கார் நிறுத்தும் இடத்தில் டயர் பட்ட நான்கு இடமும் பழுப்பாகிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. டயர் போலியா?
— வாசகி, கோட்டையூர்

பதில்: போலி இல்லை. கானாடுகாத்தான் வாசகிக்குச் சொன்ன அதே காப்பு மருந்துதான் டயரிலிருந்து கசிந்து கல்லுக்குள் இறங்கியிருக்கிறது. காற்றுப் பட்டதும் அது பழுப்பாகும். ஆத்தங்குடிக் கல் சுட்ட கல் அல்ல; சிமெண்டும் மணலும் நிறமும் சேர்த்துக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்துத் தண்ணீரில் பதப்படுத்தியது. நுண்துளை உள்ளது, எதையும் உறிஞ்சும். தயவுசெய்து ஆசிட் ஊற்றாதீர்கள். சிமெண்டை ஆசிட் தின்றுவிடும், கறையோடு பூவும் போகும். சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷ்ஷுமாக மேலோட்டமானதை எடுக்கலாம், ஆழமாக இறங்கியது நிற்கத்தான் செய்யும். இனிமேல் படாமல் இருக்க, சக்கரம் நிற்கும் நான்கு இடத்திலும் தடித்த பிளாஸ்டிக் தகடும் அதன் மேல் ஒரு பலகையும் போட்டு நிறுத்துங்கள். ரப்பர் பாய் வேண்டாம், அதிலும் அதே மருந்து உண்டு. எங்கள் விருப்பத்தைக் கேட்டால், கையால் வார்த்த அந்தக் கல்லின் மேல் காரை ஏற்றவே வேண்டாம். வெளியே கருங்கல் பாவிய இடம் இருந்தால் அங்கே நிறுத்துங்கள்.

கேள்வி: முன் டயர் இரண்டும் உள் ஓரம் மட்டும் 15,000 கி.மீ.யில் வழவழவென்று தேய்ந்துவிட்டது, வெளியே நல்ல பட்டன். இரண்டு முறை அலைன்மென்ட் செய்தும் பயனில்லை. இப்போது இரண்டு டயர் மட்டும் வாங்கினால் முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?
— வாசகர், சிங்கம்புணரி

பதில்: அலைன்மென்ட் செய்தும் நிற்கவில்லை என்றால், செய்த அளவு நிற்க முடியாதபடி கீழே ஏதோ ஆடுகிறது. சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மூட்டுகளான லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் மூன்றையும் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் இரு கையால் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் ஆட்டம் தெரியும். 12, 6 இடத்தில் ஆட்டினால் பால் ஜாயின்ட், பேரிங். புஷ்ஷுக்குக் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும். கெட்டதை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். சக்கரங்கள் நேர்கோட்டிலிருந்து அரை டிகிரி விலகியிருந்தால்கூட ஒவ்வொரு கி.மீ.க்கும் சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகிறது என்று பொருள். அவ்வளவு உரசினால் எந்த டயரும் தாங்காது.

டயரின் தேய்மானமே நோயைச் சொல்லிவிடும். இரு ஓரமும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. 80, 90 கி.மீ. வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் பேலன்சிங்.

புது ஜோடி பின்னால்தான். முன் சக்கர இழுவைக் கார் என்றாலும் பின்னால்தான். கடைகளில் பெரும்பாலும் மாற்றிச் சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். நனைந்த ரோட்டில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டதும் ஓரளவு கட்டுக்கு வரும். பின்பக்கம் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும், அதைத் திருப்பிப் பிடிப்பது எல்லோராலும் ஆகாது. இப்போது பின்னால் இருக்கும் நல்ல ஜோடியை முன்னால் கொண்டுவாருங்கள். வால்வு இரண்டையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், டயருக்கு ஆகும் செலவில் அது ஒன்றுமே இல்லை. போல்ட்டை வட்டமாக வரிசையில் முறுக்காமல், எதிரெதிராக நட்சத்திர வடிவில் முறுக்க வேண்டும். முறுக்கும் அளவு பல சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும், சரியான எண் காரோடு வந்த புத்தகத்தில் உண்டு. 50, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: 185/65 ஆர்15க்குப் பதிலாக 195/65 ஆர்15 போட்டால் என்ன?
— வாசகர், புதுவயல்

பதில்: 185 என்பது மி.மீ.யில் டயரின் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். அப்படிக் கணக்குப் போட்டால் உங்கள் டயரின் மொத்த உயரம் 621.5 மி.மீ. நீங்கள் கேட்பது 634.5. இரண்டு சதவீதம் கூடுகிறது, ஸ்பீடாமீட்டர் 98 காட்டும்போது கார் 100ல் போகும். ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கும்போது வீல் ஆர்ச்சில் உரசக்கூடும், மைலேஜும் சற்றுக் குறையும். அகலம் வேண்டுமென்றே ஆசைப்பட்டால் 195/60 ஆர்15 பாருங்கள். அதன் உயரம் 615, ஒரு சதவீதம்தான் வித்தியாசம். எதைப் போட்டாலும் பக்கச் சுவரில் இந்த அளவை அடுத்து வரும் 88 என்ற எண் குறையக் கூடாது. ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள்.

கேள்வி: ஸ்டெப்னியை எட்டு ஆண்டாகத் தொடவே இல்லை. அது புது டயர்தானே?
— வாசகர், நாச்சியாபுரம்

பதில்: ஓடாத டயர், புது டயர் அல்ல. டிக்கிக்குள் வெயில் நேரே படாததால் வெடிப்பு குறைவாக இருக்கும், ஆனாலும் வயது வயதுதான். பஞ்சர் கடை வரை 60 கி.மீ. வேகத்தில் கொண்டுபோக உதவும், நான்கில் ஒன்றாக மாட்டி ஓட்டக் கூடாது. மற்ற நான்கைவிட மெலிந்த ஸ்டெப்னி என்றால் அதிலேயே 80க்கு மேல் போகாதே என்று அச்சடித்திருப்பார்கள்.

ஸ்டெப்னி என்ற இந்தச் சொல் ஓர் ஊர்த் தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டு லனெல்லியில் ஸ்டெப்னி தெருவிலிருந்த பட்டறையில் 1904 வாக்கில் உருவான மாற்றுச் சக்கரத்துக்கு அந்தப் பெயர் வந்தது. ஆங்கிலேயரே மறந்துவிட்டாலும் நாம் இன்றும் அதையே சொல்கிறோம்.

நாளைக்கே டிக்கியைத் திறந்து அதற்குக் காற்று அடியுங்கள், எட்டு ஆண்டில் பாதிகூட மிஞ்சியிருக்காது. குறித்த அளவைவிட 5 பி.எஸ்.ஐ. கூட்டி வையுங்கள், தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளலாம். கையோடு ஜாக்கியின் திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முழுதாக ஏறி இறங்குகிறதா என்று சுற்றிப் பாருங்கள். வீல் ஸ்பேனர் போல்ட்டில் சரியாக உட்காருகிறதா என்றும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். கடையில் ஏர் கன் வைத்து முறுக்கிய போல்ட்டாக இருந்தால் கையால் கழற்ற வராது. வராவிட்டால் கடைக்குப் போய்த் தளர்த்தி, அளவாக முறுக்கித் தரச் சொல்லுங்கள்.